தாமிரபரணிக் கரையில் மூன்று நாள்: கோயிலும் அருவியும் தவிர என்ன இருக்கிறது?

கேள்வி: கோவைவாசி, 3 நவம்பர் 2024

பொங்கலை ஒட்டி மூன்று நாள் நெல்லைப் பக்கம் போகலாம் என்று இருக்கிறோம். நான், மனைவி, 14 வயதுப் பையன், 10 வயதுப் பெண், முழங்கால் வலியோடு என் அம்மா. என் மைத்துனர் சொல்வது: "நெல்லை என்றால் தாமிரபரணியில் குற்றால அருவி, அல்வா, அப்புறம் வரிசையாகக் கோயில். அதைத் தாண்டி ஒன்றும் கிடையாது. மூணாறுக்குப் போ." பிள்ளைகளுக்குத் தண்ணீரும் வெளியில் சுற்றுவதும் வேண்டும். எனக்குப் பழைய இடங்கள் வேண்டும். அம்மாவுக்கு ஒரு கோயிலாவது வேண்டும். நடக்குமா?

படித்துறை, 3 நவம்பர் 2024, இரவு

முதலில் மைத்துனர் கணக்கைத் தீர்த்துவிடுவோம். குற்றாலத்தில் விழுவது சிற்றாறு. அது தனியாக ஓடிவந்து சீவலப்பேரியில்தான் தாமிரபரணியோடு சேர்கிறது. தாமிரபரணி பொதிகை மலையில் பிறந்து, பாபநாசத்தில் சமவெளிக்கு இறங்கி, அம்பை (அம்பாசமுத்திரம்), சேர்மாதேவி, நெல்லை, ஸ்ரீவைகுண்டம் வழியாகப் புன்னக்காயலில் கடலுக்குப் போகிறது. மொத்தமே சுமார் 128 கிலோமீட்டர். காலையில் மலையடிவாரத்தில் குளித்துவிட்டுக் கிளம்பினால் சாயங்காலம் கழிமுகத்தில் நிற்கலாம். பிறப்பிலிருந்து கடல் வரைக்கும் தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடிமுடிக்கிற, வருஷம் முழுக்கத் தண்ணீர் பார்க்கிற ஆறு வேறு எது என்று மைத்துனரையே கேளுங்கள்.

நான் சொல்வது ஒன்றுதான். இடங்களைப் பட்டியல் போட்டு ஓடாதீர்கள். ஆற்றைப் பிடித்துக்கொண்டு போங்கள். எல்லோரும் பாபநாசத்தில் ஒரு முழுக்கு, நெல்லையில் அல்வா, திருச்செந்தூரில் சாமி என்று மூன்று புள்ளியைத் தொட்டுவிட்டுப் போகிறார்கள். நடுவில் அம்பையிலிருந்து சேர்மாதேவி வரைக்கும் உள்ள துண்டுதான் இந்த ஆற்றின் நல்ல பகுதி. அங்கே யாரும் காரை நிறுத்துவதே இல்லை.

என் அம்மா ஊர் வீரவநல்லூர். அதனால் கொஞ்சம் பாரபட்சம் இருக்கும், கழித்துக்கொள்ளுங்கள்.

படித்துறை, 5 நவம்பர் 2024

தண்ணீர் விஷயம் கேட்டீர்கள். விரிவாகவே சொல்கிறேன், பிள்ளைகள் வருகிறார்கள் என்பதால்.

பாபநாசத்தில் அகஸ்தியர் அருவி. வருஷத்தில் பெரும்பாலான நாள் தண்ணீர் விழும். வனத்துறைச் சோதனைச் சாவடி தாண்டித்தான் போக வேண்டும். பிளாஸ்டிக் பையைப் பிடுங்கி வைப்பார்கள், நல்ல காரியம். சாவடியில் காலை வேளையில் கூட்டம் குறைவு. பத்து மணிக்கு மேல் போனால் வண்டி வரிசையில் நின்றே பாதி நாள் போய்விடும். அதற்கு மேலே காரையாறு, சொரிமுத்து அய்யனார் கோயில் எல்லாம் களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் வருகிறது. தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் அது, 1988இல் அறிவித்தது. புலியைப் பார்க்கலாம் என்று பெண்ணிடம் சொல்லி வைக்காதீர்கள். சிங்கவால் குரங்கு கண்ணில் பட்டாலே யோகம்.

முன்பு காரையாறு அணையில் படகில் ஏறிப் பாணதீர்த்தம் அருவிக்குப் போவார்கள். அந்தப் படகு நின்று பல வருஷம் ஆகிறது. இணையத்தில் இன்னும் அந்தப் பழைய படத்தைப் போட்டுக் கூப்பிடுகிறார்கள். நம்பிப் போய்ச் சாவடியில் வாதாடாதீர்கள்.

மணிமுத்தாறு அருவி குடும்பத்தோடு குளிக்க வசதி. அணைக்கு மேலே மாஞ்சோலை போகிற மலைப்பாதையில் இருக்கிறது. மழை வலுத்தால் உடனே மூடிவிடுவார்கள்.

ஆனால் குளிக்கச் சிறந்த இடம் எது என்றால் நான் அருவியைச் சொல்ல மாட்டேன். ஆற்றுப் படித்துறைதான். கல்லிடைக்குறிச்சி, அம்பை, சேர்மாதேவி, எங்கு வேண்டுமானாலும் காலை ஆறரைக்கு இறங்குங்கள். மருதமர நிழல், முழங்கால் அளவுக்குக் கண்ணாடி மாதிரித் தண்ணீர், காலைச் சுற்றிக் குஞ்சுமீன். அருவியில் தலையில் அடி வாங்குவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சோப்பு, ஷாம்பு வேண்டாம். பரிகாரம் என்று உடுத்தியிருந்த துணியை ஆற்றில் விட்டுவிட்டுப் போகிற கூட்டம் ஒன்று உண்டு. பாபநாசத்தில் அந்தத் துணியை மூட்டை மூட்டையாக அள்ளிக்கொண்டே இருக்கிறார்கள். அதில் சேராதீர்கள்.

படித்துறை, 6 நவம்பர் 2024

நேற்று எழுதியதில் ஆபத்தைச் சொல்லாமல் விட்டேன். தடுப்பணைக்கு அடியில் குளிக்கக் கூடாது. தண்ணீர் விழும் இடத்தில் குழி பறித்திருக்கும், மேலே அமைதியாகத் தெரியும். பாறையில் பாசி. உள்ளூர்ப் பெண்கள் துணி துவைக்கிற இடத்தில் இறங்குங்கள், அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

படித்துறை, 12 நவம்பர் 2024

"வெறும் பயமுறுத்தல்" என்று ஒருவர் கீழே எழுதியிருக்கிறார். சரி, ஒரு கதை.

அகஸ்தியர் அருவிக்கு மேலே கல்யாண தீர்த்தம் இருக்கிறது. வ.வே.சு. ஐயர் 1925 ஜூன் மாதம் உயிர்விட்டது அங்கேதான். லண்டனில் சட்டம் படித்து, புதுச்சேரியில் ஒளிந்து வாழ்ந்து, பிரிட்டிஷ் போலீஸ் கையில் சிக்காமல் தப்பித்த மனிதர். தண்ணீரில் விழுந்த மகள் சுபத்ராவைக் காப்பாற்றப் போய் மூழ்கினார். இருவரும் பிழைக்கவில்லை. அவர் அப்போது சேர்மாதேவியில் குருகுலம் நடத்திக்கொண்டிருந்தார். அங்கே பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போட்ட விவகாரம் காங்கிரசையே உலுக்கியது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதை விடவில்லை. பெரியார் அந்த வருஷமே காங்கிரசை விட்டு வெளியேறியதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆக ஒரே ஆற்றின் இரண்டு படித்துறைக்கு நடுவில் தமிழ்நாட்டு அரசியலில் ஒரு பெரிய திருப்பம் கிடக்கிறது. அந்த 14 வயதுப் பையனுக்கு இதைப் பாடப்புத்தகத்தில் படிப்பதற்கும் பாறைமேல் நின்று கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கும். நிற்கிற பாறையில் பாசி இருக்கும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

படித்துறை, 13 நவம்பர் 2024

பொதிகை உச்சிக்கு ஏற முடியுமா என்று கேட்டவருக்கு: அகஸ்தியமலை 1,868 மீட்டர். நம் பக்கத்திலிருந்து ஏற விடுவதில்லை. கேரளத்துப் போனக்காடு வழியாக, வருஷத் தொடக்கத்தில் சில வாரம், அந்த மாநில வனத்துறை முன்பதிவு வைத்து அனுப்புகிறது. ஆறு நம்முடையது, ஏறும் வழி அவர்களுடையது. முழங்கால் வலி உள்ள அம்மாவோடு போகிறவருக்கு இந்தக் கேள்வியே தேவையில்லை.

படித்துறை, 20 நவம்பர் 2024

இன்றைக்கு நடுத் துண்டு. இதற்குத்தான் நான் இந்த இழையிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டு. மேலிருந்து கீழாகக் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசி ஒன்றுதான் வெள்ளைக்காரன் காலத்தது. மற்ற ஏழும் அதற்கு முந்தையவை. இவற்றிலிருந்து பதினொரு கால்வாய் பிரிந்து சுமார் 86,000 ஏக்கருக்குப் பாய்கிறது. பொங்கல் சமயத்தில் பிசானப் பருவத்து நெல் பச்சையாக நிற்கும். கால்வாய்க் கரையில் நடந்தால் ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் வயல், மேற்கே மலை. கட்டணம் கிடையாது, சாவடி கிடையாது, வழிகாட்டியும் வேண்டாம். கல்லிடைக்குறிச்சியில் கன்னடியன் கால்வாய்க் கரையைப் பிடித்து நடங்கள். சைக்கிள் கிடைத்தால் இன்னும் நல்லது. பிள்ளைகள் மூணாறைக் கேட்க மாட்டார்கள்.

இந்தக் கால்வாய்க்கு ஒரு கதை உண்டு. கன்னட தேசத்துப் பிரம்மச்சாரி ஒருவனுக்குப் பெருஞ்செல்வம் கிடைக்கிறது. அதை அம்பையில் ஒரு அர்ச்சகரிடம் ஒப்படைத்துவிட்டுப் பொதிகைக்கு அகத்தியரைத் தேடிப் போகிறான். திரும்பி வந்து பார்த்தால் மூட்டையில் மணிகளுக்குப் பதிலாகத் துவரம்பருப்பு. வழக்காடி மீட்டு, அந்தப் பணத்தில் கால்வாய் வெட்டுகிறான். எந்த வழியாக வெட்டுவது என்பதற்கு ஒரு பசுவின் பின்னாலேயே நடக்கிறான். அது போன வழி கால்வாய், படுத்த இடம் குளம். ஊரில் கேட்டால் ஆளுக்கு ஒரு மாதிரி சொல்வார்கள். பருப்பு மட்டும் எல்லார் கதையிலும் இருக்கும்.

அப்புறம் திருப்புடைமருதூர். வீரவநல்லூரிலிருந்து பக்கம்தான். கடனா நதி தாமிரபரணியில் சேரும் இடம். நாறும்பூநாதர் கோயிலில் லிங்கம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். ஆற்றில் வெள்ளம், அக்கரையிலிருந்து கருவூர்ச் சித்தர் கூப்பிட்டார், சரியாகக் காதில் விழவில்லை என்று சாமி தலையைச் சாய்த்துக் கேட்டாராம். காது கேட்காமல் தலையைச் சாய்க்கிற சாமியை என் ஆச்சிக்கு ரொம்பப் பிடிக்கும், தன் கட்சி என்பாள்.

அந்தக் கோபுரத்துக்குள் ஐந்து நிலையிலும் பழைய சுவரோவியமும் மரச்சிற்பமும் இருக்கின்றன. புராணக் கதைகளுக்கு நடுவே போர்க்காட்சி, குதிரைகளை ஏற்றி வரும் மரக்கலம் எல்லாம் உண்டு. எப்போதும் திறந்து விட மாட்டார்கள். முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்க வேண்டும், படியும் குறுகல். அம்மா ஏற வேண்டாம். அவர் கீழே மரத்தடியில் உட்காரட்டும், அதிலும் நஷ்டமில்லை. கோயிலைச் சுற்றிய மரங்களில் கொக்கும் வக்காவும் நீர்க்காகமும் கூடு கட்டுகின்றன. ஊர்க்காரர்கள் காத்துவந்த அந்த இடம் 2005இல் பறவைகள் பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. மரத்தடியில் நிற்கும்போது தலையில் துண்டு அவசியம். அனுபவம்.

படித்துறை, 21 நவம்பர் 2024

பத்தமடையை விட்டேன். சேர்மாதேவிக்குப் பக்கத்தில். ஆற்றங்கரைக் கோரையை ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, நார்நாராகக் கிழித்து, பருத்திப் பாவில் பாய் நெய்கிறார்கள். நெய்கிறவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள். நல்ல பாயைக் கைக்குட்டை மாதிரி மடித்துவிடலாம் என்று விற்பனைக்காரர்கள் சொல்வார்கள். மடிக்க விடாதீர்கள். மணமக்கள் பெயரை நெய்த கல்யாணப் பாய் இன்னும் வாங்குகிறார்கள். கடையோடு நிற்காமல் நெய்கிற வீட்டில் பார்க்கக் கேளுங்கள். கேட்டால் காட்டுவார்கள். பார்த்துவிட்டு விலையில் பேரம் பேசாதீர்கள், ஒரு மெல்லிய பாய் தறியில் எத்தனை வாரம் கிடக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தபின் உங்களுக்கே வாய் வராது.

ரிஷிகேசம் சிவானந்தர் பிறந்ததும் பத்தமடையில்தான், 1887. பக்கத்துக் காருகுறிச்சி, நாகஸ்வரம் அருணாசலத்தின் ஊர். அங்கே மண்பாண்டம் செய்கிற குடும்பங்களும் இருக்கின்றன. சக்கரத்தில் மண் சுழல்வதைப் பார்க்க உங்கள் பெண்ணை விட்டுவிட்டால் அடுத்த இடத்துக்கு இழுத்துப்போவது கஷ்டம்.

படித்துறை, 1 டிசம்பர் 2024

மாஞ்சோலை ஏன் சொல்லவில்லை என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. அழகான மலை. யார் இல்லை என்றார்கள். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து பாம்பே பர்மா கம்பெனி 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த காடு அது. குத்தகை 2028இல் முடிகிறது. 2024 நடுவிலேயே தேயிலை வேலையை நிறுத்திவிட்டார்கள். தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்து லயன் வீட்டில் இருந்த தொழிலாளர்கள் எங்கே போவது என்று தெரியாமல் நின்றார்கள், வழக்கு வரைக்கும் போனது. இந்த நேரத்தில் அங்கே போய்ப் பனிமூட்டத்தில் படம் எடுக்க எனக்கு மனசு வரவில்லை. உங்களைத் தடுக்கவில்லை. வனத்துறை அனுமதி இருந்தால் போகலாம், அனுமதி நிலவரம் அடிக்கடி மாறுகிறது.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்ல வேண்டும். நெல்லையில் சுலோசன முதலியார் பாலம் பார்க்கப் போவீர்கள். 1843இல் கட்டியது. சுலோசன முதலியார் தன் கைப்பணத்தைப் போட்டுக் கட்டியது என்பதால்தான் அந்தப் பெயர். பதினொரு வளைவு, இன்றைக்கும் பஸ் ஓடுகிறது. பாலத்தடியில் மழைக்கு முன் போனால் வளைவுகளை நன்றாகப் பார்க்கலாம். அதற்கு அருகேதான் கொக்கிரகுளம். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தொழிலாளருக்காக ஆட்சியர் அலுவலகம் நோக்கி வந்த ஊர்வலத்தில் போலீஸ் தடியடி நடத்தியது. ஜனங்கள் ஆற்றுக்குள் ஓடினார்கள். பதினேழு பேர் செத்தார்கள், அதில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. ஒவ்வொரு வருஷமும் அந்தத் தேதியில் ஆற்றில் பூ விடுகிறார்கள். சுற்றுலாப் பலகையில் இது இருக்காது.

படித்துறை, 2 டிசம்பர் 2024

நேற்றைய குறிப்பு கனமாகிவிட்டது, சாப்பாட்டுக்கு வருகிறேன். அல்வா வாங்குங்கள், யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் சொதியும் உளுந்தஞ்சோறும் சாப்பிடாமல் போனால் நெல்லைக்கு வந்ததாகவே சொல்லாதீர்கள். உளுந்தஞ்சோற்றுக்கு எள்ளுத் துவையல். ஓட்டலில் எல்லா நாளும் கிடைக்காது, கேட்டு வைத்துவிட்டுப் போங்கள். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம். அதை வாங்கிக் காரில் பின்சீட்டில் வைத்துப் பையனை மேலே உட்காரவைக்காதீர்கள்.

படித்துறை, 14 டிசம்பர் 2024

மலையில் கொட்டித் தீர்த்துவிட்டது. ஆறு கரை தொட்டு ஓடுகிறது. குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்கிவிட்டது. ஆற்றுக்குள்ளேயே கட்டின கோயில், வெள்ளம் வருமுன் உற்சவரை மேட்டுக்கு எடுத்துவந்துவிடுவார்கள். வெள்ளம் வடிந்ததும் மறுபடி கொண்டுபோவார்கள். அடிக்கடி நடப்பதுதான்.

போன வருஷம் இதே சமயம் நடந்தது வேறு ரகம். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது, சுற்றிலும் தண்ணீர், உள்ளே சுமார் 800 பேர். பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள்தான் இருந்த அரிசியைப் பொங்கிப் போட்டார்கள், தங்கள் வீடுகளிலும் தண்ணீர் நிற்கும்போதே.

கோவைவாசி பயப்பட வேண்டாம். ஜனவரி நடுவில் வடிந்திருக்கும். கிளம்புமுன் பேப்பரில் அணை மட்டம் பாருங்கள். பாபநாசத்தின் உச்சம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. மூன்றில் பாபநாசம் நிரம்பி உபரி திறந்தால் அன்றைக்கு ஆற்றில் குளியல் இல்லை, கால்வாய்க்கரை நடை மட்டும். நெல்லைக்காரன் காலையில் ராசிபலனுக்கு முன்னால் பார்ப்பது இந்த எண்களைத்தான்.

படித்துறை, 27 டிசம்பர் 2024

மூன்றாம் நாளுக்கு நான் சொன்ன திட்டத்தில் ஒரு மாற்றம். முதலில் நவதிருப்பதி என்கிற ஆற்றங்கரைப் பெருமாள் கோயில் ஒன்பதும் பார்க்கலாம் என்று தனிச்செய்தியில் எழுதியிருந்தேன். யோசித்துப் பார்த்தால் குடும்பத்தோடு அது சரிவராது. கோயில்கள் மதியம் சாத்திவிடுவார்கள். வாடகைக் கார்க்காரர் "அரை நாளில் ஒன்பதும் முடிச்சிரலாம்" என்பார். முடிக்கலாம்தான், செருப்பைக் கழற்றுவதும் போடுவதும் மட்டுமே ஞாபகம் இருக்கும். எங்களை ஒருவர் அப்படித்தான் விரட்டினார், கடைசிக் கோயிலில் என் அத்தை காரிலிருந்து இறங்கவே இல்லை.

மூன்று கோயில் போதும். காலையில் திருச்செந்தூர் சாலையில் கிருஷ்ணாபுரம். நாயக்கர் காலத்து வெங்கடாசலபதி கோயில், தூண் சிற்பங்களுக்காகவே போக வேண்டும். இளவரசியைத் தோளில் தூக்கி ஓடும் குறவன், கூடையும் பிள்ளையுமாகக் குறத்தி, வீரபத்திரர், கர்ணன், ரதி. நகமும் நரம்பும் கல்லில் தெரியும். தட்டினால் சத்தம் வரும் என்று யாராவது தட்டிக் காட்டுவார்கள். பிள்ளைகளைத் தட்ட விடாதீர்கள், தட்டித் தட்டியே பாதி போய்விட்டது.

அடுத்து அதே சாலையில் ஆதிச்சநல்லூர். 114 ஏக்கர் மேட்டுநிலம் முழுக்க, இறந்தவர்களை வைத்துப் புதைத்த முதுமக்கள் தாழி. 1876இல் யாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டிப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். பிறகு அலெக்சாண்டர் ரியா தோண்டினார், அந்தப் பொருள்கள் சென்னை எழும்பூரில் இருக்கின்றன. 2004இல் மறுபடி தோண்டினார்கள், அறிக்கைக்காக வருஷக்கணக்கில் கத்த வேண்டியிருந்தது. இப்போது தோண்டின குழிமேலேயே கண்ணாடி போட்டு, கீழே தாழிகளை இருந்த இடத்திலேயே பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள், 2023 ஆகஸ்டில் திறந்தது. பையனுக்கு இது போதும், அம்மாவுக்கு வேண்டாம். சுடுகாட்டைப் பார்த்துவிட்டுக் கோயிலுக்கா என்பார்.

அதனால் வரிசையை மாற்றுங்கள். அம்மாவோடு முதலில் ஆழ்வார்திருநகரி. நம்மாழ்வார் இருந்ததாகச் சொல்லும் உறங்காப்புளி என்ற புளியமரம் அங்கேதான். வைகாசியில் வந்தால் ஒன்பது பெருமாளும் கருடன்மேல் ஒரே இடத்தில் சேர்வார்கள், அந்த நாளில் ஊருக்குள் நுழையவே முடியாது. பிறகு ஸ்ரீவைகுண்டம் கள்ளபிரான். தன் காலில் விழுந்த திருடனுக்காகத் தானே திருடன் வேஷத்தில் ராஜா முன்னால் போய் நின்ற பெருமாள். திரும்பும் வழியில் ஆதிச்சநல்லூர், அதற்குள் வெயில் தாழ்ந்திருக்கும். திறக்கும் நேரத்தை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

படித்துறை, 28 டிசம்பர் 2024

முக்கூடல் என்று ஒரு ஊர் வரைபடத்தில் இருக்கிறது, முக்கூடற்பள்ளு என்ற பழைய நூல் அதைப் பற்றியதுதானே என்று ஒருவர் கேட்கிறார். இல்லை. பள்ளு பாடுகிற முக்கூடல் சீவலப்பேரிப் பக்கம், சிற்றாறு வந்து சேருகிற இடம். தமிழ் வாத்தியார்கள் ஒரு வண்டியே தப்பான முக்கூடலில் இறங்கி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். வந்ததற்கு ஆளுக்கு ஒரு கட்டு பீடி வாங்கிப் போனார்கள்.

படித்துறை, 8 ஜனவரி 2025

ரயிலில் போகலாமா என்றால், தாராளமாக. செங்கோட்டை பாசஞ்சர் சேர்மாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பை என்று நான் சொன்ன நடுத் துண்டு முழுக்க நின்று போகிறது. திருச்செந்தூர் பாசஞ்சர் ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி நிற்கும். மேற்கே போகும்போது இடது பக்க ஜன்னலைப் பிடியுங்கள், மலை அந்தப் பக்கம்தான் நெருங்கி வரும். இறங்கினால் ஷேர் ஆட்டோ கிடைக்கும், அம்மாவுக்கு மட்டும் ஏறி இறங்கும் பிளாட்பார உயரம் தொந்தரவு.

தங்குவது அம்பையா நெல்லையா? பிள்ளைகள் காலையில் ஆற்றுக்குப் போக வேண்டும் என்றால் அம்பை. ஓட்டல் வசதி என்றால் நெல்லை ஜங்ஷன். "ஆற்றோர விடுதி" என்று விளம்பரம் செய்த ஒரு இடத்தில் நாங்கள் தங்கினோம். ஆறு தெரிந்தது உண்மைதான், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறினால்.

பறவை பார்க்கிறவர்களுக்கு: ஜனவரியில் மணிமுத்தாற்றில் இருக்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறது, 2011இலிருந்து. தாமிரபரணிப் பாசனக் குளங்களைப் பங்கு போட்டு எண்ணுவார்கள், பொதுமக்களும் சேரலாம். குளத்துக்குக் குளம் போவதால் ஊரும் பார்த்த மாதிரி ஆகும். நெல்லை டவுனுக்குள்ளேயே நயினார்குளம் இருக்கிறது. அதிகாலை ஒரு டீயோடு கரையில் நின்றால் போதும்.

படித்துறை, 24 ஜனவரி 2025

நேற்றுப் பேப்பர் பார்த்தீர்களா? சிவகளைத் தாழியில் கிடைத்த இரும்பின் காலத்தைக் கி.மு. 3345 வரை கொண்டுபோயிருக்கிறார்கள், முதல்வர் அறிவித்தார். சிவகளை, ஸ்ரீவைகுண்டம் அணைக்கு வடக்கே, ஆற்றின் அக்கரை. நீங்கள் ஆதிச்சநல்லூரில் நின்றீர்களே, அங்கிருந்து ஆற்றைத் தாண்டினால் அதிக தூரமில்லை. உடனே "உலகத்தின் முதல் இரும்பு" என்று மேடை போட ஆரம்பித்துவிட்டார்கள். அறிஞர்கள் இன்னும் சண்டை போடுவார்கள், போடட்டும். ரெட்டியார்பட்டிப் பக்கம் பொருநை (தாமிரபரணியின் பழைய பெயர்) அருங்காட்சியகத்துக்குக் கட்டடம் எழுப்பியிருக்கிறார்கள், அங்கே பொருளை ஊரிலேயே வைத்துப் பார்க்கலாம். பெர்லினுக்கும் எழும்பூருக்கும் போக வேண்டியதில்லை.

இதே சூட்டில் கொற்கைக்கும் போய்ப் பாருங்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். போகலாம், எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு. பாண்டியர் முத்துத் துறைமுகம் இப்போது கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே, வாழைத்தோட்டத்துக்கு நடுவில் கிடக்கிறது. ஆறு கொண்டுவந்த வண்டல் கடலைத் தள்ளிவிட்டது. ஒரு பழைய வன்னிமரம், ஒரு குளம், ஒரு கோயில். துறைமுகத்தைத் தேடி வந்த பிள்ளைகள் "கடல் எங்கே?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்காகவே கூட்டிப்போகலாம்.

படித்துறை, 2 பிப்ரவரி 2025

கோவைவாசியின் நீண்ட கடிதம் படித்தேன். கோபுர ஓவியம் பார்க்க முடியவில்லை, சாவி வைத்திருப்பவர் கல்யாணத்துக்குப் போய்விட்டார், சரி, அது அப்படித்தான். அம்மாவுக்கு எல்லாவற்றையும்விடப் பாபநாசம் கோயில் படித்துறையில் மீனுக்குப் பொரி போட்டதுதான் பிடித்தது என்றால் எனக்கு ஆச்சரியமில்லை. பெண் காருகுறிச்சியில் சட்டி ஒன்று வாங்கி வழியிலேயே உடைத்ததும் எதிர்பார்த்ததே.

பையன் மருதூர் அணைக்கட்டு ஏன் நேராக இல்லாமல் வளைந்து கிடக்கிறது என்று கேட்டானாமே. ஆற்றுக்குள் இருக்கிற பாறையை விட்டு விலகாமல், அதன்மேலேயே ஏறி ஏறிக் கட்டிப் போனால் அப்படித்தான் வரும். அஸ்திவாரம் தோண்டுகிற செலவு மிச்சம், வெள்ளத்தின் வேகமும் ஒரே இடத்தில் மோதாமல் நீளத்துக்குப் பரவிவிடும். நான் பொறியாளர் இல்லை. அணைக்கட்டில் மதகு பார்க்கிற பெரியவர் சொன்னது இது.

அடுத்தமுறை கார் நெல் பருவத்தில் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். ஜூனில் கால்வாயில் தண்ணீர் திறந்தார்களா என்று உறுதி செய்துவிட்டு டிக்கெட் போடுங்கள். சில வருஷம் தள்ளிப்போகும். ஆடி அமாவாசையை மட்டும் தவிர்த்துவிடுங்கள், சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் கூட்டம் கூட்டமாக வந்து காட்டுக்குள்ளேயே நாள்கணக்கில் குடில் போட்டுத் தங்குவார்கள். பாபநாசம் சாலையில் உங்கள் கார் நகராது.

பத்தமடைப் பாயைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வெயிலில் காயப்போடாதீர்கள், சாயம் வெளுக்கும். ஈரம் பட்டால் நிழலில் விரித்து வையுங்கள். மடிக்காமல் சுருட்டி, நிறுத்தி வைக்காமல் படுக்கவைத்தால் ஓரம் பிரியாது.